சரக்குக் கப்பலில் ஒரு பயணி

வேத பாடம்: அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம்.
கூட வாசிக்க: யோனா 1, அப். 21:1-6, அப். 28:11-15, 2 கொரி. 11:25.



இந்தப் பாடத்துக்குள் வருகிறதற்கு முன்னே அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் கேட்க ஒருதரம் சத்தமாய் வாசித்துவிடுங்கள். மொத்தம் 44 வசனம். பத்து நிமிஷம்கூட ஆகாது. சின்னப் பிள்ளைகள்கூட அசையாமல் உட்கார்ந்து கேட்கும். புயல், நங்கூரம், தப்பி ஓடப் பார்க்கிற கப்பலாட்கள், பலகையைப் பிடித்துக் கரையேறுகிறவர்கள் எல்லாம் அதில் இருக்கிறது. நாம் பெரும்பாலும் அந்தப் புயலை மட்டும் பிரசங்கம் பண்ணிவிட்டு, கப்பலை விட்டுவிடுகிறோம். இந்த முறை கப்பலைப் பார்ப்போம். அது ஆள் ஏற்றுகிற கப்பல் அல்ல, கோதுமை ஏற்றுகிற கப்பல். பவுல் அதில் ஒரு பயணி, அதுவும் விலங்கு போட்ட பயணி.

களக்காட்டுக்காரர்களாகிய நமக்குக் கடல் தூரம். மேற்கே மலை, கீழே பச்சையாறு, வயல், வாழை. ஆனாலும் இந்தக் காரியம் நமக்குப் புரியாததல்ல. நம்ம ஊரிலிருந்து வாழைத்தார் லோடு ஏற்றிக் கேரளாவுக்கு லாரி போகிறதே, டிரைவர் பக்கத்தில் ஒரு ஆள் தொத்திக்கிட்டுப் போவார், பார்த்திருப்பீர்கள். வண்டி அவருக்காகப் புறப்படவில்லை. தார் ஏறி முடிந்து கயிறு கட்டினால்தான் நகரும். அவருக்குப் பசித்தால் வண்டி நிற்காது, டிரைவருக்குப் பசித்தால் நிற்கும். எந்த ரோட்டில் போகவேண்டும் என்று அவரிடம் யாரும் யோசனை கேட்கமாட்டார்கள். ஆனால் வண்டி கவிழ்ந்தால் அவருக்கும் அடிபடும். சரக்குக் கப்பலில் போகிற பயணியின் நிலைமை அவ்வளவுதான். அதிகாரம் ஒன்றும் இல்லை, ஆபத்தில் மட்டும் சரிபங்கு.

பவுலின் காலத்தில் வேறு வகைக் கப்பலே கிடையாது. பயணிகளுக்கென்று தனிக் கப்பல் அந்நாட்களில் ஓடவில்லை. கடல் கடந்து போகவேண்டியவன் துறைமுகத்துக்குப் போய், எந்தக் கப்பல் எந்தத் திசைக்குச் சரக்கு கொண்டுபோகிறது என்று விசாரித்து, மாலுமியிடம் பேசி, கூலி கொடுத்து ஏறவேண்டும். சாப்பாடு அவனவன் கட்டிக்கொண்டுவரவேண்டும். படுக்கை மேல்தளத்தில்தான். காற்று சாதகமாகும்வரை கரையில் காத்துக் கிடக்கவேண்டும். யோனாவும் யோப்பா பட்டணத்தில் இப்படித்தான் கூலி கொடுத்துத் தர்ஷீசுக்குப் போகிற சரக்குக் கப்பலில் ஏறினான். புயல் வந்தபோது கப்பற்காரர் சரக்கைத் தூக்கிக் கடலில் போட்டார்கள் என்று வேதம் சொல்லுகிறதே, அதிலிருந்தே அது சரக்குக் கப்பல் என்று தெரிகிறது.

நம்ம ஜில்லாக் கரையிலும் நெடுங்காலம் ஆளும் மூட்டையும் ஒன்றாகத்தான் போயிருக்கிறது. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவந்தார். ஒரு கப்பலில் முதல் வகுப்பு 42 பேர், இரண்டாம் வகுப்பு 24 பேர், சாதாரண வகுப்பு 1,300 பேர், அதோடு 4,000 மூட்டை சரக்கு என்று கணக்குச் சொல்லுவார்கள். போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கூலியைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இனாமாய் ஏற்றி, குடையும் கொடுத்ததாம். என் பெரியப்பா 1950-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அந்தக் கப்பல் 1926-ல் கட்டினது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, 1970-களில் உடைத்தார்கள். டெக் டிக்கெட் என்றால் மேல்தளத்தில் ஒரு பாய் அகலம் இடம். "நம்ம டிரங்குப் பெட்டிதான் சுவரு, பக்கத்து ஆளோட வெங்காய மூட்டைதான் தலவாணி" என்று சொல்லிச் சிரிப்பார்.

நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்களும் சரக்கோடு சரக்காய் வந்தவர்களே. சீகன்பால்கு ஐயர் 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் டென்மார்க்கு வர்த்தகக் கம்பெனியின் கப்பலில் ஏறி, 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். வில்லியம் கேரி 1793-ல் முதலில் ஏறின ஆங்கிலக் கப்பலிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லை என்று இறக்கிவிடப்பட்டு, பின்பு ஒரு டென்மார்க்கு வர்த்தகக் கப்பலில் வந்து சேர்ந்தார். அதோனிராம் ஜட்சன் 1813 ஜூனில் சென்னையில் நின்றபோது, கம்பெனி சர்க்கார் தன்னைப் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுமோ என்ற நெருக்கத்தில் இருந்தார். அந்த நேரம் புறப்படத் தயாராய் இருந்தது ஜார்ஜியானா என்கிற ஒரு ஓட்டைக் கப்பல்தான். அது ரங்கூனுக்குப் போகிறது. ஏறினார். பர்மாவுக்கு வேதம் கிடைத்தது அந்தக் கப்பல் அன்றைக்கு எந்தத் திசைக்குப் போனதோ அதனால் என்று சொல்லலாம்.

இந்தப் பாடம் எழுந்த விதம்

நம் சபையில் ஒரு வாலிப சகோதரன் சரக்குக் கப்பலில் இஞ்சினியராய் இருக்கிறார். பெயர் வேண்டாம், அநேகருக்குத் தெரியும். கலியாணமாகி இரண்டு வருஷத்தில் வீட்டில் இருந்தது ஆறேழு மாசம்தான். அதிகாரிகள் தங்கள் மனைவியைச் சில மாசம் கப்பலில் கூட வைத்துக்கொள்ளப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. கப்பல் பட்டியலில் அவர்களை 'சூப்பர்நியூமரரி' என்று எழுதிக்கொள்வார்கள். கூடுதல் ஆள் என்று அர்த்தம். டாக்டர் சான்றிதழ், பாஸ்போர்ட்டு, ஊசி, கையெழுத்துப் போடவேண்டிய உறுதிக் காகிதம் எல்லாம் உண்டு. கடற்கொள்ளைக்காரர் பயமுள்ள கடலுக்குப் போகிற கப்பலானால் குடும்பத்தை ஏற்றுவதில்லை. இந்தச் சகோதரன், மூணு மாசம் கூட வா என்று மனைவிக்கு எழுதினார்.

பிள்ளைக்குச் சந்தோஷம். மாமியாருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த அம்மாவோடு கூடப்பிறந்த அண்ணன் தூத்துக்குடியில் தோணி வேலைக்குப் போனவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி திரும்பி வரவில்லை. சடலமும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின்பு என்னிடம் வந்து, "ஐயா, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. லோடு கப்பல்ல ஒரு பொம்பளப்பிள்ள போவலாமா? பவுலே வேண்டாம்னு சொன்னாவல்லா, அவிய கேட்டாவளா?" என்றார்கள்.

கேள்வி நியாயமான கேள்வி. போ என்று சொல்லிவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? போகாதே என்று சொல்லப் பயத்தைத் தவிர வேறென்ன வசனம் இருக்கிறது? நான் அங்கேயே பதில் சொல்லவில்லை. நாலு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக் கூட்டத்தில் இந்த அதிகாரத்தை வரி வரியாய் வாசித்தோம். அந்த நாலு வாரத்தில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று கப்பல், ஒரு முடிவு

செசரியாவிலிருந்து ரோமாபுரிவரை பவுல் மூன்று கப்பல் மாறுகிறார். முதலாவது அதிரமித்தியம் ஊர்க் கப்பல், கரையோரமாய்த் துறைக்குத் துறை தொட்டுப் போகிற சின்னக் கப்பல். அடுத்தது மீறாவில் ஏறின அலெக்சந்திரியாக் கப்பல். எகிப்து தேசத்துக் கோதுமை இல்லாமல் ரோமாபுரி சாப்பிடமுடியாது. அதற்காகவே அலெக்சந்திரியாவிலிருந்து பெரிய கப்பல்கள் ஓடின. மேற்குக் காற்று எதிர்த்து வீசுகிறபடியால் நேரே போகமுடியாமல் வடக்கே ஏறி, சின்ன ஆசியாவின் கரையைப் பிடித்துத்தான் போவார்கள். மீறா அந்த வழியில் உள்ள துறை. அடுத்த நூற்றாண்டில் லூசியான் என்கிற எழுத்தாளர் இப்படிப்பட்ட ஒரு கப்பலின் நீளம் 120 முழம் என்று எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 55 மீட்டர். அதில் 276 பேர் எப்படிக் கொள்ளும் என்று சிலர் கேட்பார்கள். யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் தாம் போன கப்பலில் ஏறக்குறைய 600 பேர் இருந்ததாகவும், அது அதே அதிரியாக் கடலில் முழுகி, 80 பேர்போலத் தப்பினதாகவும் எழுதிவைத்திருக்கிறார். பவுல் போய்ச் சில வருஷத்துக்குள் நடந்தது அது. 276-ல் 276-ம் தப்பினது எவ்வளவு பெரிய காரியம் என்று இதை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இப்போது 9-ம் வசனத்துக்கு வாருங்கள். உபவாச நாள் கடந்துபோயிற்று என்கிறார் லூக்கா. அது பாவநிவிர்த்தி நாள், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முற்பாதி. அந்தக் கடலில் செப்டம்பர் நடுவுக்குப் பிறகு பயணம் ஆபத்து. நவம்பர் 11-லிருந்து மார்ச் 10வரை கடலையே பூட்டிவிடுவார்கள் என்று ரோமர் எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. நம்ம தூத்துக்குடித் தோணிக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தோணி ஓடாது. தண்டலும் ஆட்களும் கரையில் பாய் தைத்து, கல்பத்து அடித்துக்கொண்டு இருப்பார்கள். காலம் தெரிந்தவன்தான் கடலோடி.

பவுல் எச்சரிக்கிறார். யாருடைய எச்சரிப்பு? 2 கொரிந்தியர் 11-ல் தாம் மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்ததையும், ஒரு இராப்பகல் ஆழ்கடலில் கிடந்ததையும் சொல்லுகிறார். அந்த நிருபம் இந்தப் பயணத்துக்கு முன்னே எழுதினது. அப்படியானால் நல்ல துறைமுகத்தில் நின்று பேசுகிறவர் கடல் தெரியாத பிரசங்கி அல்ல, மூன்றுதரம் நனைந்த மனுஷன். ஆனாலும் நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பல் விஷயத்தில் கப்பல்காரன் சொல்லைக் கேட்பதுதானே உலக வழக்கம்? கப்பல் எஜமானுக்கோ ஒரு கணக்கு இருந்திருக்கும். கிலவுதியு இராயன் மாரிகாலத்தில் தானியம் கொண்டுவருகிறவர்களுக்கு லாபமும், புயலில் சேதமானால் நஷ்டஈடும் வாக்குப்பண்ணியிருந்தான் என்று ரோம சரித்திரத்தில் காண்கிறோம். கப்பல் போனால் பணம் வரும். ஆள் போனால்? அதற்குக் கணக்கு இல்லை.

போகவேண்டிய பேனிக்ஸ் துறை சுமார் 40 மைல்தான். அந்த நேரம் பார்த்து இதமான தென்றல் வேறே அடித்தது. களக்காட்டுக்காரனுக்குத் தென்றலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உடம்பில் பட்டால் எல்லாம் நன்றாய் நடக்கும் என்று தோன்றும். ஒரு நாள் நல்ல காற்றைப் பார்த்து ஜெயம் கிடைத்தது என்று எண்ணினார்களே, அருமையானவர்களே, எத்தனை குடும்பம் கடன் வாங்கினதும், எத்தனை பேர் வேலையை விட்டதும் இப்படி ஒரு நாள் தென்றலை நம்பித்தான்!

இக்காலச் சட்டத்தில் இந்த இடம் மாறியிருக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை என்று கேப்டன் எடுக்கிற முடிவை, கப்பல் முதலாளியானாலும் சரி, கப்பலை வாடகைக்கு எடுத்தவரானாலும் சரி, தடுக்கக்கூடாது என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மாமியார் அம்மா, "எழுதியிருக்கு, சரி. கேக்கானா?" என்றார்கள். அதற்கு அன்றைக்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

கேளாமற்போன பின்பு

என் எண்ணத்தில் இந்த அதிகாரத்தின் நடு எலும்பு இதுதான். சொல்லியும் கேட்கவில்லை. கப்பல் புறப்பட்டுவிட்டது. இறங்கவும் வழியில்லை. இப்போது பயணி என்ன செய்வான்? நம்மில் அநேகர் மூலையில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்லா" என்று புயல் முடியுமட்டும் சொல்லிக்கொண்டிருப்போம். பவுலும் ஒருதரம் சொன்னார், 21-ம் வசனத்தில். ஒரே ஒருதரம். அதோடு விட்டார்.

அதற்கு முன்னே 16-ம் வசனத்திலும் 19-ம் வசனத்திலும் ஒரு சின்ன வார்த்தையைக் கவனியுங்கள். லூக்கா 'நாங்கள்' என்கிறார். படகைத் தூக்கிக் கட்ட வருத்தப்பட்டதும், கப்பல் தளவாடங்களைக் கையால் எடுத்து எறிந்ததும் நாங்கள். லூக்கா ஒரு வைத்தியர், கப்பலாள் அல்ல. சரக்கோடு ஏறின பயணிதான். ஆனாலும் கயிறு பிடித்து இழுத்திருக்கிறார். ஜெபக்காரன் கை அழுக்காகக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? யோனாவைப் பாருங்கள். அந்நியர் ஆளாளுக்குத் தங்கள் தேவனைக் கூப்பிட்டுச் சரக்கை எறிகிற வேளையில், மெய்யான தேவனை அறிந்த ஒரே பயணி கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை. மாலுமி வந்து எழுப்பவேண்டியதாயிற்று. அவிசுவாசி வந்து விசுவாசியை ஜெபிக்க எழுப்புகிறது வெட்கம் அல்லவா?

புயல் அடித்தது பதினாலு நாள். 1848-ல் ஜேம்ஸ் ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், தாமே பாய்க்கப்பல் ஓட்டத் தெரிந்தவர், இந்த அதிகாரத்தை மட்டும் ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார். அந்த மாதிரிக் காற்றில் அந்த மாதிரிக் கப்பல் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை மைல் அடித்துக்கொண்டு போகும். கிலவுதாவிலிருந்து மெலித்தாவுக்குச் சுமார் 475 மைல். அப்படியானால் பதின்மூன்று நாள் சொச்சம் ஆகும் என்று கணக்குப் போட்டார். லூக்காவின் பதினாலாம் இராத்திரி சரியாய் விழுகிறது! வேதத்தைக் கட்டுக்கதை என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். அல்லேலூயா!

அந்த இருட்டில் தேவதூதன் வந்து சொன்னதில் ஒரு பங்கை நாம் வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். கூட யாத்திரைபண்ணுகிற எல்லாரையும் தேவன் பவுலுக்குத் தயவுபண்ணிக் கொடுத்தாராம். கொடுத்தார் என்றால் கேட்டிருக்கவேண்டும். யாரையெல்லாம் கேட்டிருப்பார்? தம்மைக் கட்டி இழுத்துப்போகிற போர்ச்சேவகரை. கொலைக்குற்றவாளிகளும் இருந்திருக்கக்கூடிய மற்றக் காவலாளிகளை. தம் சொல்லைத் தள்ளின மாலுமியை. லாபத்துக்காகக் கப்பலை எடுத்த அந்த எஜமானை. ஒருத்தர் பெயரையும் அடிக்காமல் பட்டியல் முழுவதையும் கேட்டிருக்கிறார். சொல்லைக் கேட்காதவனுக்காக ஜெபிக்கிறது லேசான காரியம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஒரு ஆளை நினைத்துக்கொண்டு இன்றைக்கு இராத்திரி முயற்சிபண்ணிப் பாருங்கள்.

இந்த ஜெபக்காரர் கண்ணை மூடிக்கொண்டே இருக்கவுமில்லை. கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது அதைக் கண்டுபிடித்தது பவுல். ஒருவனும் சேதமாகமாட்டான் என்று தூதன் வாக்குக் கொடுத்தாயிற்றே, போகிறவர்கள் போகட்டும் என்று விட்டாரா? இல்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். வாக்குத்தத்தமும் வேண்டும், நங்கூரம் போடத் தெரிந்த கையும் வேண்டும். கர்த்தர் காப்பார் என்று சொல்லி லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாமல் நிற்கிறது விசுவாசம் அல்ல. கர்த்தர் சுகமாக்குவார் என்று சொல்லி, பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல் அடிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருப்பதைப் பற்றியும் நான் அதையேதான் சொல்லுவேன். சிலருக்கு வருத்தமாய் இருக்கலாம். 31-ம் வசனம் அப்படித்தான் இருக்கிறது.

விடியற்காலத்தில் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, தாமே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் புசிக்கிறார். சாப்பிட்டுத் தெம்பானபின்பு கோதுமையைக் கடலில் எறிகிறார்கள். எந்தச் சரக்குக்காக அத்தனை பேர் உயிரையும் பணயம் வைத்தார்களோ அந்தச் சரக்கு மீனுக்குப் போயிற்று. கணக்கில் கடைசியாய் இருந்த ஆட்கள் கரையேறினார்கள்.

போய்வந்த பிள்ளையின் சாட்சி

நாலாம் வெள்ளிக்கிழமை முடிவில் மாமியார் அம்மாவே, "போயிட்டு வா பிள்ள. ஆனா அந்தக் கப்பல்ல இருக்க ஒவ்வொருத்தன் பேரையும் எனக்கு எழுதி அனுப்பு" என்றார்கள். நானாக முடிவு சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. ஸ்தோத்திரம்.

பிள்ளை சிங்கப்பூரில் மோட்டார்ப் படகில் போய், நங்கூரம் போட்டு நின்ற கப்பலில் ஏணி வழியாய் ஏறியிருக்கிறது. 190 மீட்டர் நீளம், 50,000 டன்னுக்குமேல் சரக்கு கொள்ளும் கப்பல். ஆட்கள் 22 பேர். ஏறினதும் முதல் வேலை, லைஃப் ஜாக்கெட் எங்கே, மணி அடித்தால் எங்கே வந்து நிற்கவேண்டும் என்று காட்டினதுதானாம். கப்பலில் டாக்டர் கிடையாது. பயணிகள் 12 பேருக்கு மேற்பட்டால்தான் பயணிக் கப்பல் என்று சட்டம் எண்ணும். சர்வதேசக் கடலில் மூணு நாளுக்குமேல் போகிற கப்பலில் நூறு பேராவது இருந்தால்தான் டாக்டர் கட்டாயம். இவர்களுக்கு மருந்துப் பெட்டியும், ரேடியோவில் கேட்டு ஊசி போடப் படித்த ஒரு அதிகாரியும்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் குவினானா துறையில் கோதுமை ஏற்றினார்களாம். அங்கேதான் பவுலின் கப்பல் தனக்கு முழுசாய் விளங்கிற்று என்று சாட்சி சொன்னாள். கோதுமை மூட்டையில் வருவதில்லை, மழை மாதிரிக் கொட்டுகிறது. கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் தானியமும் தண்ணீர்போல் அந்தப் பக்கமே சரியும். சரிந்தால் கப்பல் நிமிராது. ஆகையால் மேல்மட்டம் நிரவி, சரியாதபடி கணக்குப் பார்த்துத்தான் புறப்படவேண்டும், அதற்கென்றே சர்வதேச விதி இருக்கிறது. நனைந்தால் ஊதும். மழை தூறினாலே மூடியை அடைத்துவிடுவார்கள். லூக்கா சொன்ன புயலில் ஈரம் ஏறிச் சரிகிற கோதுமையை வயிற்றில் வைத்துக்கொண்டு பதினாலு நாள் மிதந்திருக்கிறார்கள் என்றால் என்ன பாடு என்று பாருங்கள்.

ஏற்றி முடிந்து புறப்படவேண்டிய நாளில் தெற்கேயிருந்து பெரிய அலை வருகிறது என்று செய்தி வந்தது. ஜூலை மாசம், அங்கே அது குளிர்காலம். கப்பலை வாடகைக்கு எடுத்தவர்களிடமிருந்து ஏன் தாமதம் என்று தகவல்மேல் தகவல். கேப்டன் இரண்டு நாள் நங்கூரத்தை எடுக்கவில்லை. "பாட்டி கேட்டாவல்லா, கேக்கானான்னு? கேட்டாரு" என்று பிள்ளை சொன்னபோது சபையில் எல்லாரும் சிரித்தோம். அந்தக் கேப்டன் கிறிஸ்தவரும் அல்ல.

அந்த இரண்டு நாள் காத்திருப்பு வீணாய்ப் போகவில்லை. அப். 21-ல், கப்பல் தீருவில் சரக்கு இறக்கவேண்டியிருந்தது என்றும், பவுல் அங்கே சீஷரைத் தேடிக் கண்டுபிடித்து ஏழு நாள் தங்கினார் என்றும் வாசிக்கிறோம். சரக்கு இறங்குகிற நேரம் பயணிக்குக் கிடைக்கிற நேரம். இந்தப் பிள்ளையும் நங்கூரத்தில் கிடந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டறையில் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூப்பிடவில்லை, வெட்கம். முதலில் வந்து உட்கார்ந்தது பிலிப்பைன் தேசத்துச் சமையல்காரர். அப்புறம் ஒரு கப்பலாள். மூன்றாம் வாரம் ஏழு பேர். பாஷை மூன்று. அதில் ஒருவருக்கு ஊரில் தாய் மரித்து, அடக்கத்துக்குப் போகமுடியாமல் நடுக்கடலில் இருந்திருக்கிறார். அவர் அழுததைப் பார்த்தபின்புதான், 2020-ல் கொரோனா நாட்களில் உலகத்தில் ஏறக்குறைய 4 லட்சம் கப்பலாட்கள் வீடு திரும்பமுடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள் என்று பேப்பரில் வாசித்தது தனக்கு உறைத்தது என்றாள்.

சில வாலிபர், நாங்களும் இப்படிப் போகலாமா என்று கேட்கிறார்கள். 2020-க்கு முன்னே ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் சரக்குக் கப்பல்களில் நாலைந்து அறையைப் பயணிகளுக்குக் கொடுத்துவந்தன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 யூரோ. கொரோனாவோடு பெரும்பாலும் நின்றுவிட்டது, பின்பு திரும்பத் தொடங்கினது கொஞ்சம்தான். நம்மவர்களுக்கு இருக்கிற வழி, கப்பல் அதிகாரியின் குடும்பமாய்ப் போவது ஒன்றே. ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதேயுங்கள்.

மெலித்தாவில் கரையேறின பவுல் விறகு பொறுக்கினார், வியாதியஸ்தருக்காக ஜெபித்தார். மூன்று மாசம் ஆனதும் அவர்களை ஏற்றிப்போக வந்தது என்ன கப்பல்? அப். 28:11 பாருங்கள். அந்தத் தீவில் மாரிகாலத்துக்குத் தங்கியிருந்த இன்னொரு அலெக்சந்திரியாக் கப்பல். மறுபடியும் அதே வழிக் கப்பல். பவுல் ஏறினார்.

நம்ம சகோதரிக்கும் டிசம்பரில் மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவை வேறு கப்பல், ஆட்கள் 21 பேர். பழைய 22 பேர் பட்டியல் மாமியார் அம்மாவின் வேதத்துக்குள் இன்னும் இருக்கிறது. தோணியில் போன தன் அண்ணன் பெயரையும் அதே தாளில் கீழே எழுதிவைத்திருக்கிறார்கள். புதுப் பட்டியல் வந்ததும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வாசிப்போம். பெயர்களைச் சரியாய் உச்சரிக்க வாலிபர் யாராவது அன்றைக்குச் சீக்கிரம் வரவும்.